உட்காரக் கூடாத நாட்கள்

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் நிறைய சொன்னார். மண்டையில் நின்றது ஒன்றுதான்: உட்காரக் கூடாது. மல்லாந்து படுக்கவும் கூடாது. குப்புறப் படுக்கலாம், நிற்கலாம், மெதுவாக நடக்கலாம். வயிற்றிலிருந்தும் இடுப்பிலிருந்தும் உறிஞ்சி எடுத்த கொழுப்பை என் பின்பக்கத்தில் ஏற்றியிருந்தார்கள். அது அங்கே பிடித்து நிலைக்கும்வரை அதன்மேல் பாரம் விழக் கூடாதாம். விழுந்தால் கரைந்துபோகும், பட்ட பாடெல்லாம் வீண் என்றார்.

ஆமாம், அழகுக்காகத்தான். நோய் நொடி எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் என்னைப் 'பலகை' என்று கூப்பிட்டார்கள். காலேஜில் வேறு பெயர். ஜீன்ஸ் வாங்கினால் இடுப்பில் பிடிக்கும், பின்னால் கோணிப்பை மாதிரி தொங்கும். முழங்கால்வரை குர்த்தி போட்டு மறைத்தே நாற்பதை நெருங்கிவிட்டேன். பல்லுக்குக் கம்பி கட்டுகிறவளை யாரும் எதற்கு என்று கேட்பதில்லை. தலைக்குச் சாயம் பூசுகிறவரையும் கேட்பதில்லை. இதை மட்டும் கேட்பார்கள். எதற்கு, யாருக்காக, இந்த வயதில் தேவையா என்று வரிசையாகக் கேட்பார்கள். யாருக்காகவும் இல்லை. கடைக் கண்ணாடியில் பக்கவாட்டில் என்னைப் பார்க்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

அதனால் யாரிடமும் சொல்லவில்லை. ஆபீசில் முதுகுவலி என்றேன். வாணியம்பாடியில் இருக்கும் அம்மாவிடம் அதையும் சொல்லவில்லை. இந்த விஷயம் ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியக் கூடாது என்பதில் அவ்வளவு பிடிவாதமாக இருந்தேன். என் கல்யாணம் முறிந்தபோது ஊரே உட்கார்ந்து அலசியது. என் உடம்பை அப்படி அலச விடமாட்டேன் என்று வைராக்கியம். ஆனால் யாருக்கும் தெரியாத காரியத்துக்கு யாரும் ஒத்தாசைக்கு வரமாட்டார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை. ஏஜென்சியிலிருந்து அமர்த்திய பெண் இரண்டு நாள் இருந்தாள். செல்போனில் சீரியல் பார்த்தாள், கஞ்சி வைத்தாள், போய்விட்டாள். அப்புறம் பெங்களூரு பொம்மனஹள்ளியில் மாடி வீட்டு ஒற்றைப் படுக்கையறையில் நான் மட்டும் குப்புறக் கிடந்தேன்.

குப்புறப் படுத்தவளுக்குத் தெரிவதெல்லாம் தரைதான். எந்த டைல்ஸ் விரிசல் விட்டிருக்கிறது, பீரோவுக்கு அடியில் எந்தத் தோடு கிடக்கிறது, எறும்பு எந்த வழியாக அடுக்களைக்குப் போகிறது எல்லாம் எனக்கு அத்துப்படி ஆனது. கன்னம் மரத்துப்போனால் தலையை அந்தப் பக்கம் திருப்புவேன். அங்கே சுவர். எல்லாவற்றிலும் கஷ்டம் அந்த இறுக்க உடுப்புதான். மார்புக்குக் கீழிருந்து தொடைவரை அழுத்திப் பிடிக்கும் சட்டை அது. வீக்கம் வடிவதற்காக, குளிக்கும் நேரம் தவிர எப்போதும் போட்டிருக்க வேண்டும். பக்கவாட்டில் வரிசையாகக் கொக்கிகள். வீங்கிய உடம்பில் ஒரு கையால் துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கொக்கியை மாட்ட வேண்டும். ஒன்றை மாட்டினால் முந்தையது பிடுங்கிக்கொள்ளும். இன்னொரு கை இருந்தால் ஒரு நிமிட வேலை. குளியலறைக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டு, யாராவது ஒருத்தர் வந்து இந்தக் கொக்கியை மட்டும் மாட்டிவிட்டுப் போனால் போதும் என்று சத்தமாகவே சொல்லி அழுதிருக்கிறேன்.

அம்மா தினமும் வீடியோவில் கூப்பிடுவாள். தலையணையில் மோவாயை வைத்துக்கொண்டு பேசுவேன்.

"ஏண்டி, எப்பப் பார்த்தாலும் குப்புறப் படுத்துக்கினே பேசற?"

"ஆபீஸ் வேலைம்மா. இப்படிப் படுத்தா டைப் அடிக்க வசதியா இருக்கு."

"மூஞ்சி ஊதியிருக்குது. தூங்கறியா இல்லியா?"

தூங்குகிறேன் என்பேன். போனை வைத்த பிறகு எதற்கு, யாருக்காக என்று அம்மா கேட்டால் சொல்ல வேண்டிய பதிலை மனசுக்குள் ஒருதரம் ஒப்பித்துப் பார்ப்பேன். படுத்துக் கிடந்த அந்த நாட்களில் அந்தப் பதிலைத்தான் அதிகம் செதுக்கினேன். கோபமாக ஒன்று, நிதானமாக ஒன்று, கேட்கிறவர் வாயடைத்துப் போகிற மாதிரி ஒன்று. கேட்க ஆள்தான் இல்லை.

கீழ்வீட்டில் ஹவுஸ் ஓனர் இருந்தார். ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவேன். மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கிற தமிழ்க் குடும்பம். வீட்டுக்காரர் பொம்மசந்திராவில் ஃபேக்டரியில் இருந்து ரிடையர் ஆகி, டிவி முன்னால் நிரந்தரமாகிவிட்டார். மகன் கல்யாணம் ஆகி ஒசூரில் இருந்தான். ஆன்ட்டிக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையிலிருந்து சாயங்காலம்வரை வாசல் நிலையில் சாய்ந்து நின்றபடி இருப்பார். கீரை ஆய்வதும் நின்றுகொண்டுதான், பேசுவதும் நின்றுகொண்டுதான். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று ஒன்றும் அந்தக் கண்ணுக்குத் தப்பாது. நான் மனசுக்குள் அவருக்கு சிசிடிவி என்று பெயர் வைத்திருந்தேன். வாடகைக்கு வந்த நாளிலிருந்து அந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் எனக்குக் கடுப்புதான்.

இந்தச் சமயத்தில் அந்த சிசிடிவியிடம் நான் ஒவ்வொன்றிலும் மாட்டிக்கொண்டேன். அவசரத்துக்கு உட்கார வேண்டியிருந்தால் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ள ஒரு கெட்டி மெத்தைத் திண்டு ஆர்டர் பண்ணியிருந்தேன். வலி மாத்திரையால் வயிறு கட்டிக்கொண்டதால் கூடவே இசப்கோலும். மாடி ஏறச் சோம்பல்பட்ட டெலிவரி ஆள் இரண்டையும் ஆன்ட்டி கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். திண்டு, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் உறையில் இருந்தது. அதற்கு முந்தின நாள்தான் ஊசி போட்ட இடங்களில் கசிந்து கறையான படுக்கை விரிப்பைத் துவைத்து மொட்டைமாடியில் காயப் போட்டிருந்தேன். கறை முழுசாகப் போகவில்லை. அதையும் அவர் பார்த்திருக்கிறார்.

பார்சலை வாங்கிக்கொள்ளக் கீழே இறங்கினேன். ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, காலை அகட்டி வைத்து இறங்கினேன்.

"உள்ள வாம்மா, உக்காரு" என்றார்.

"பரவாயில்ல ஆன்ட்டி, நிக்கறேன்."

ஆன்ட்டி திண்டைப் பார்த்தார். இசப்கோலைப் பார்த்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு டிவி இருக்கும் பக்கம் திரும்பி, வீட்டுக்காரர் காதில் விழாது என்று உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்தி, "எத்தினி நாளா கீது?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. எனக்கு மூலம் என்று முடிவு கட்டிவிட்டார். இல்லை என்று சொன்னால் பின்னே என்ன என்று கேட்பார். அதற்கு இதுவே மேல் என்று பட்டது.

"கொஞ்ச நாளா" என்றேன்.

"பேஜார் பண்ணிக்காத. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றார்.

மறுநாள் மத்தியானம் ஒரு எவர்சில்வர் தூக்கு மாடிப்படியில் வந்து உட்கார்ந்திருந்தது. உள்ளே கருணைக்கிழங்கு மசியல். அதற்கடுத்த நாள் துத்திக்கீரை, விளக்கெண்ணெயில் சின்ன வெங்காயம் போட்டு வதக்கியது. அதற்கும் அடுத்து வெண்பூசணிக் கூட்டு, நீர்மோர், மறுபடி கருணைக்கிழங்கு. காரம் கிடையாது, புளி பேருக்குத்தான். கருணைக்கிழங்கு எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. இருந்தும் சாப்பிட்டேன். அடுக்களை மேடை முன்னால் நின்றுகொண்டு, தூக்கிலிருந்தே சாப்பிட்டேன். சூடாக இருந்தது, வேறு ஒருத்தர் சமைத்தது. எனக்கில்லாத வியாதிக்கு வந்த சாப்பாடு அது. குப்புறக் கிடந்த எனக்கு அது இன்னும் தனிமையாக இருந்தது, ஏனென்றால் அந்த அக்கறை என் விலாசத்துக்கு வந்ததே தவிர எனக்கு வரவில்லை.

நடுவில் ஒரு சண்டையும் நடந்தது. நன்றாகச் சாப்பிட வேண்டும், முட்டை, கறி, மீன் எல்லாம் வேண்டும், உடம்பு இளைத்தால் ஏற்றின கொழுப்பும் இளைக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிக்கன் பிரியாணி ஆர்டர் பண்ணினேன். பார்சல் மேலே வரவில்லை. எட்டிப் பார்த்தால் வாசலில் ஆன்ட்டி டெலிவரி ஆளிடம் கன்னடத்தில் வாதாடிக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி, அது என்னோடது!" என்று மாடியிலிருந்து கத்தினேன்.

"தெரியும். சிக்கன் சூடும்மா. இத்த துன்னா நாளைக்கு நீ கத்தற கத்து தெருவுக்கே கேக்கும்."

"என் வாய், என் வயிறு. நான் பார்த்துக்கறேன்."

"பார்த்துக்கின லட்சணம்தான் தெரியுதே" என்றார்.

கொடுத்துத்தான் அனுப்பினார். ஆனால் கூடவே ஒரு சொம்பு மோரும் வந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அன்று பிரியாணியை நின்றபடி தின்றுவிட்டு, இந்த அம்மாவுக்கு என் பின்பக்கத்தைத் தவிர கவலைப்பட வேறு விஷயமே இல்லையா என்று திட்டினேன். அப்புறம் யோசித்தால் அந்தப் பெங்களூரு முழுக்க அதைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரே ஆள் அவர்தான்.

மூன்றாவது வாரம் வேலையில் சேர்ந்துவிட்டேன், வீட்டிலிருந்தபடியே. லேப்டாப்பை ஃப்ரிட்ஜ் மேல் வைத்து நின்றுகொண்டு வேலை பார்ப்பேன். ஒரு மத்தியானம் தூக்கை வைத்துவிட்டு ஆன்ட்டி போகவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்றார். மீட்டிங் முடியட்டும் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. முடித்துவிட்டு என்ன என்று பார்த்தேன்.

"உன் டாக்டரு லேடியா?" என்று கேட்டார்.

"ஏன் ஆன்ட்டி?"

முந்தானை நுனியைப் பிடித்து முறுக்கினார். "எனக்கும் கீதும்மா. ரொம்ப வருசமா. அவருகிட்ட சொல்லல. மருமவகிட்ட சொல்ல முடியுமா? இப்ப ரெண்டு மாசமா ரத்தம் போவுது. வேற எதுனா பெரிய வியாதியோன்னு பயமா கீது. உனக்கும் இருக்குதுன்னு தெரிஞ்சப்பறம்தான் எனக்குத் தெம்பே வந்துச்சு. நம்ம மட்டும் இல்லியேன்னு."

அவர் ஏன் எப்போதும் வாசலில் நின்றுகொண்டே இருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. வேவு பார்க்க நிற்கவில்லை, உட்கார முடியாமல் நின்றிருக்கிறார். எனக்கு வந்த கருணைக்கிழங்கும் துத்தியும் அவருக்குச் சமைத்துக்கொண்டதில் பாதி. இத்தனை வருஷம் தனக்குத்தானே பார்த்துக்கொண்ட பத்தியத்தை, கூட்டுக்கு ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்ற சந்தோஷத்தில் எனக்குப் பங்கு வைத்திருக்கிறார்.

என் டாக்டர் ஆண். செய்வதும் வேறு வேலை. "லேடி டாக்டர்தான் ஆன்ட்டி, கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு, அவர் இறங்கிப் போனதும் அவசர அவசரமாக நெட்டில் தேடி, அடுகோடி ஏரியாவில் ஒரு பெண் சர்ஜனிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கினேன்.

ஆட்டோவில் போனோம். இருந்தது ஒரு திண்டு.

"நீ வெச்சிக்க" என்றார் ஆன்ட்டி.

"நீங்க வெச்சிக்கோங்க."

அவரை அதன்மேல் சாய்த்து உட்கார வைத்துவிட்டு நான் கால் வைக்கும் இடத்தில் மண்டியிட்டு, சீட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். மேலே மெட்ரோ சொகுசாகப் போனது. கீழே ஒசூர் ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "அம்மா" என்றோம். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "கூத்கொள்ளி மேடம்" என்று கன்னடத்தில் உட்காரச் சொல்லிக்கொண்டே வந்தார். ஆன்ட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. ரொம்ப நாள் கழித்து இன்னொரு ஆளோடு சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பு பொய்யின்மேல் நிற்கிறது என்ற நினைப்பு கூடவே வந்து குத்தியது.

ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் இடத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. நாங்கள் இரண்டு பேரும் சுவரோரமாக நின்றோம். நர்ஸ் இரண்டு தரம் உட்காரச் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். கூப்பிட்டபோது ஆன்ட்டி என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டர் பொறுமையாகக் கேட்டார், திரைக்குப் பின்னால் கூட்டிப் போய்ப் பரிசோதித்தார். வெளியே வந்து, சாதாரண மூலம்தான், பயப்படுகிற மாதிரி எதுவும் தெரியவில்லை, எதற்கும் ஒரு டெஸ்ட் எடுத்துவிடலாம், மருந்தில் கேட்கவில்லை என்றால் சின்ன சிகிச்சை இருக்கிறது என்றார். ஆன்ட்டி அப்படியே கை எடுத்துக் கும்பிட்டார். அந்தச் சந்தோஷத்தில் என்னைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

"டாக்டரம்மா, இவளுக்கும் அதேதான். பாவம், ஒண்டியா கஷ்டப்படுது. இவளையும் பாத்துடுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். "எத்தனை நாளா?" என்று கேட்டார்.

திரை விலகியே இருந்தது. உள்ளே போய்ப் படுத்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். வேண்டாம் என்று ஓடிவந்தால் ஆன்ட்டிக்கு அவமானம்.

"எனக்கு மூலம் இல்ல டாக்டர்" என்றேன். "நான் காஸ்மெட்டிக் சர்ஜரி பண்ணிக்கிட்டேன். பின்பக்கம் பெருசா தெரியறதுக்கு. மூணு வாரம் ஆச்சு."

டாக்டர் துளியும் அசரவில்லை. காய்ச்சல் இருக்கிறதா, கசிவு நின்றதா, இறுக்க உடுப்பு போடுகிறேனா, கால் வீங்கியதா, மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார். நின்றுகொண்டே பதில் சொன்னேன். எல்லாம் சரியாகப் போகிறது, உங்கள் டாக்டரிடம் தவறாமல் காட்டுங்கள் என்றார். ஆன்ட்டி என் முகத்தையும் டாக்டர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் பள்ளம் வந்தபோது நான் மட்டும்தான் சத்தம் போட்டேன். வீட்டு வாசலில் இறங்கியதும் ஆன்ட்டி திண்டை என்னிடம் கொடுத்தார்.

"அப்போ உனக்கு இல்லியா" என்றார்.

கேள்வி மாதிரி இல்லை. கோபமும் இல்லை. முகம் தொங்கிவிட்டது. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். பகலில் அந்தக் கதவு சாத்தி நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் தூக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மத்தியான வேளையில் மாடிப்படியில் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு ஃப்ரிட்ஜ் முன்னால் நிற்பேன். எனக்குப் பிடிக்காத கருணைக்கிழங்குக்காக நான் ஏங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். யாருக்கும் தெரியாமல் இருந்தபோது இருந்த தனிமையை எப்படியோ சமாளித்துவிட்டேன். ஒருத்தருக்குத் தெரிந்து, அந்த ஒருத்தரும் வராமல் போனதைத்தான் தாங்க முடியவில்லை. குளித்துவிட்டு வந்து கொக்கி மாட்டும்போது அழக்கூடத் தோன்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஈரத் தலையோடு பாதிக் கொக்கி மாட்டியும் மாட்டாமலும் நின்றபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது. நைட்டியை மேலே போட்டுக்கொண்டு திறந்தேன். ஆன்ட்டி நின்றார். கையில் பெரிய தூக்கு. மசாலா வாசனை படியேறி முன்னாலேயே வந்துவிட்டது.

"கோழிக் குழம்பு" என்றார். "உனக்குத்தான் சிக்கன் ஆவுமே."

"நீங்க சாப்பிடமாட்டீங்களே ஆன்ட்டி."

"எனக்கு கிழங்கு கீது. உனக்குன்னுதான் பண்ணேன்."

தூக்கை மேடைமேல் வைத்தார். வழக்கம்போல நிலையில் சாய்ந்தார். இப்போது கேட்பார் என்று எனக்குத் தெரிந்தது. எதற்கு, யாருக்காக, இந்த வயதில். நானும் தயாரானேன். நிதானமாகச் சொல்கிற பதிலைத்தான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அவர் என் நைட்டிக்குள் கோணலாகப் புடைத்திருந்த உடுப்பைப் பார்த்தார். "இன்னா அது, ஒழுங்காவே போடல? திரும்பு" என்றார். திரும்பினேன். நைட்டியைத் தூக்கி, துணியை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து, கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கீழிருந்து மேலே மாட்டினார். நான் தினமும் மல்லுக்கட்டிய வேலை ஒரு நிமிடத்தில் முடிந்தது. பிறகு கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று, புதுப்புடவை கட்டினவளைப் பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் கீது" என்றார்.

ஆஸ்பத்திரியை விட்டு வந்த நாளிலிருந்து அதைப் பார்த்த முதல் ஆள். நான் சுவரைப் பார்த்தபடியே நின்றேன். முதுகில் அவர் கை இன்னும் இருந்தது.

"ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு மட்டும் நான் பதில் தயாரித்து வைத்திருக்கவில்லை. "வலிச்சுது ஆன்ட்டி" என்று சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.